போர்டில் போட்ட எண்

டீயைக் கொண்டுபோய் வைத்தால் கோச் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்று சின்னவளுக்குத் தெரியும். தெரிந்தும் கொண்டுபோய் வைத்தாள். போன ரேஸ் முடிந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் கைபட்ட டம்ளர் எல்லாம் ஆறிப்போய்த்தான் அடுக்களைக்குத் திரும்பி வருகின்றன.

ஊருக்கெல்லாம் அவர் கோச். அவளுக்குப் புருஷன்தான் என்றாலும், வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரேஸ் ஓட்டக் கனவு காணும் பிள்ளைகளை, ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு ரேஸ் கார்களில் ஏற்றிப் பழக்குவது அவர் வேலை. கார்களும் பட்டறையும் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். எல்லோரும் அவரை முதலாளி என்பார்கள், கூடப்பிறந்த தம்பி உட்பட. முதலாளியின் மனைவி பெரியவள், இவள் சின்னவள். கீழே பட்டறை, மாடியில் வீடு. கீழே எஞ்சின் உறுமினால் மேலே அலமாரியில் தட்டுகள் சலங்கை கட்டிக்கொள்ளும்.

அந்தக் குடும்பத்தில் சின்னவளுக்கென்று இருந்த ஒரே பெருமை, போர்டு. இந்த ஆரம்பநிலைப் பந்தயங்களில் ஓட்டுகிற பிள்ளையோடு ரேடியோவில் பேச அனுமதியில்லை. கார் சீறிக்கொண்டு கடக்கும் அந்த ஒரு நொடியில், பாதையோரச் சுவருக்கு மேலே, எண் தகடுகளைச் செருகிய ஒரு கறுப்புப் போர்டை நீட்டிக் காட்ட வேண்டும். மேல் வரியில், முன்னால் போகிற கார் எத்தனை செகண்ட் தள்ளிப் போகிறது என்ற எண். கீழ் வரியில், பின்னால் வருகிற கார் எத்தனை செகண்டில் இருக்கிறது என்ற எண். பந்தயம் முழுக்கப் பிள்ளைக்கு உலகத்திலிருந்து வருகிற சேதி அவ்வளவுதான். எண் தப்பினால் பந்தயமே தப்பிவிடும். சின்னவள் கையில் எண் தப்பியதாகப் பேச்சே கிடையாது... போன ரேஸ் வரைக்கும்.

"இன்னிக்கு நீ வரவேண்டாம்" என்றார் கோச், சுவரைப் பார்த்துக்கொண்டு. "போர்ட மெக்கானிக் பிடிச்சுக்குவான்."

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுங்க..."

"நீ பண்ணினதே போதும். சொல்லவேற வேணுமா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கூடத்தில் தலை வாரிக்கொண்டிருந்த பெரியவள் விடுவாளா? பெற்ற பெண் ஜெயிப்பதைப் பொறுக்காத தாயை இந்தப் பிறவியில் இப்போதுதான் பார்ப்பதாகக் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டாள். கண்ணாடி ஒன்றும் பதில் சொல்லவில்லை. சின்னவளும் சொல்லவில்லை. ஆறுகிற டீயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். போன ரேஸில் அவளுடைய மகள் சுண்டு மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். குறைமாதத்தில் பிறந்து கைக்குள் அடங்குகிறாற்போல் இருந்த பெண்ணுக்கு அப்பா ஆசையாக வைத்த பெயர் சுண்டு. ஓட்டத்தில் மட்டும் அவள் சுண்டு இல்லை, சூறாவளி. கடைசிச் சுற்றில், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், எந்தக் காரணமும் இல்லாமல் அவள் கார் தயங்கியது. பின்னால் வந்த இரண்டு பேர் விசுக்கென்று தாண்டிப் போய்விட்டார்கள். ஐந்தாம் இடம். காரைவிட்டு இறங்கியதும் அப்பா பிடித்துக்கொண்டார். ஏன் மெதுவானாய், பின்னால் ஆள் ஒட்டிக்கொண்டு வருவது தெரியாதா என்று அவர் போட்ட சத்தத்தில் பட்டறைப் பிள்ளைகள் எல்லாம் நகர்ந்துவிட்டார்கள். சுண்டு தாயைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு மெல்லச் சொன்னாள்.

"போர்டுல நாலு செகண்ட்னு இருந்துச்சுப்பா."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் போட்டது ஒரு செகண்ட். ஒன்று என்ற அந்தத் தகட்டைச் செருகியபோது நகம் பெயர்ந்த வலிகூட இன்னும் போகவில்லை. ஆனால் மகளுடைய கண்ணில் அப்போது ஒரு கெஞ்சல் இருந்தது. பெற்றவளுக்கு மட்டும் புரிகிற கெஞ்சல். கோச் திரும்பினார்.

"ஏன் அப்படிப் போட்டே? பொண்ணு வேகமாப் போறாளேன்னு பயமா? பின்னால யாரும் இல்லன்னு காமிச்சா மெதுவாப் போவா, பத்திரமா வந்துருவான்னு கணக்குப் போட்டியா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

அன்று வீடு திரும்பியதும் சுண்டு தாயின் மடியில் விழுந்து உண்மையைக் கொட்டினாள். ஓட்டும்போது பாதிப் பந்தயத்துக்குமேல் இடது கால் மரத்துப்போகிறது. இந்தக் கார்களில் இடது கால்தான் பிரேக். கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபோது பிரேக்கை எப்படி நம்பி மிதிப்பது? அதனால்தான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாளாம். அப்பாவிடம் சொன்னால் காரிலிருந்து இறக்கிவிடுவார்கள், பெரியம்மாவின் அண்ணன் மகன் ஹெல்மெட்டோடு தயாராகக் காத்திருக்கிறான், இந்த ஒரு வருஷம் போனால் எல்லாமே போச்சு... சொல்லிச் சொல்லி அழுதாள். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சின்னவள் சும்மா இருந்துவிடவில்லை. யாருக்கும் தெரியாமல் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், காலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடந்தால் சரியாக இருக்கிறது, ஓடினால் சரியாக இருக்கிறது, காரில் உட்கார்ந்தால் மட்டும் செத்துப்போகிற கால் என்ன காலோ! சரி, தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான், நேற்று தகுதிச் சுற்று முடிந்து காரிலிருந்து இறங்கிய சுண்டு, யாரும் பார்க்காதபோது டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

இன்று இந்த வருஷத்தின் கடைசி ரேஸ். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருஷமும் கார் சுண்டுவுக்கு, இல்லையென்றால் பெரியவளின் அண்ணன் மகனுக்கு என்று முதலாளி தீர்த்துச் சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் மகளின் கனவு போகும். திறக்காவிட்டால்... மகள் தன்னை ஆயுசுக்கும் வெறுத்தாலும் பரவாயில்லை, வெறுப்பதற்கு அவள் இருக்கட்டும் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பந்தய மைதானத்தில் பெட்ரோல் வாசமும் டயர் வாசமும் மூக்கைத் துளைத்தன. வரிசையாகக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் வண்டியைச் சுற்றிப் பரபரக்கும் ஆட்கள், எங்கோ ஒரு எஞ்சின் வீறிட்டு அடங்கியது. சின்னவள் தங்கள் கொட்டகைக்குள் நுழைந்தபோது எல்லோரும் இருந்தார்கள். முதலாளி நாற்காலியில், பெரியவள் பக்கத்தில், கோச் காருக்குள் குனிந்தபடி, சுண்டு பந்தய உடையில் பாதி நுழைந்த கோலத்தில். தாயின் முகத்தைப் பார்த்தவுடனே சுண்டுவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"சுண்டுவ வண்டியில ஏத்தாதீங்க" என்றாள் சின்னவள். "ஓட்டுறப்போ அவளுக்கு இடது கால் மரத்துப்போகுது."

பெரியவள் சிரித்தாள்.

"போன தடவ போர்டு, இந்தத் தடவ காலா? அடுத்து என்ன, கண்ணு தெரியலம்பியா?"

கோச்சின் முகம் சிவந்து கறுத்தது. "உன்னய வராதேன்னு சொன்னேன்ல? ரேஸுக்கு வந்த புள்ளயோட மனசக் கலைக்கிறதுக்குன்னே பஸ் ஏறி வந்தியா? உம் பயத்துக்கு இன்னும் எத்தன ரேஸக் காவு குடுக்கணும்?"

"பயம்தாங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா நான் சொல்றது நெசம். என்னய நம்பலைன்னா அவளையே கேளுங்க."

கோச் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உங்கம்மா சொல்றது உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் அவளுடையது, பந்தயம் அவளுடையது, தாய் ஒரேயடியாகப் பொய்க்காரி. சின்னவள் மகளைப் பார்க்கவில்லை, பார்த்தால் தன் கண்ணே அவளை வற்புறுத்திவிடும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுண்டுவின் உதடு கோணியது. பதினாறு வயசுப் பெண், ஐந்து வயசுக் குழந்தைபோல விசும்ப ஆரம்பித்தாள்.

"உண்மதாம்பா... கால் மரத்துப்போச்சு. அதனாலதான் போன ரேஸ்ல மெதுவானேன். போர்டுல நாலுன்னு இல்ல. அம்மா ஒண்ணுன்னுதான் போட்டாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அம்மா எனக்காக அத்தன பேச்சையும் வாங்கிக்கிட்டாங்கப்பா..."

பெரியவள் கையிலிருந்த விசிறி அப்படியே நின்றது. முதலாளி எழுந்துவிட்டார். கோச் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சடாரென்று திரும்பி, "ஏறு, வண்டியில உக்காரு" என்றார் மகளிடம். "ஓட்ட இல்ல. நான் பாக்கணும்."

சுண்டு காருக்குள் இறங்கினாள். கோச் மண்டியிட்டு, டார்ச் விளக்கை அடித்து, கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

இந்தக் கார்களில் சீட் என்பது கடையில் வாங்குவதல்ல. பிள்ளையைக் காருக்குள் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து, அதற்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். அது நுரைத்துப் பொங்கி, அந்த உடம்பின் அச்சிலேயே இறுகிக் கல்லாகிவிடும். அவரவர் உடம்புக்கு அவரவர் சீட். வளர்கிற பிள்ளைகள் என்பதால் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரையும் மாதாமாதம் நிற்கவைத்து உயரம் பார்த்து, தேவைப்பட்டால் புதிதாக ஊற்றுவது கோச்சின் வழக்கம். ஒருத்தரையும் விட்டதில்லை. விட்டது தன் மகளை மட்டும்தான். வீட்டுப் பிள்ளையைத்தான் தினமும் பார்க்கிறோமே, அவளை என்ன அளப்பது!

தினமும் பார்த்ததால்தான் தெரியாமல் போயிற்று. வருஷத் தொடக்கத்தில் ஊற்றிய சீட்டுக்குள் இப்போது ஒரு நெடுநெடுவென்ற பெண் மடங்கிக் கிடந்தாள். முழங்கால் மேலே இடித்தது. சீட்டின் முன்விளிம்பு இடது தொடைக்கு அடியில் கத்திபோல அழுந்தியது. அதற்குமேல் எந்தக் கால்தான் உயிரோடிருக்கும்?

"வளந்துட்டா..." என்றார் கோச், யாரிடமென்று இல்லாமல். "எம் பொண்ணு வளந்துட்டா. நான் பாக்கவே இல்ல."

அவர் கண் கலங்கியதை அந்தக் கொட்டகையில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரம் எங்கே? முதலாளி தொண்டையைச் செருமினார். அப்படியானால் பெரியவளின் அண்ணன் மகனை ஏற்றிவிடலாமா என்று கேட்டார். பெரியவள் பதில் சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளும் சொன்னாள்.

"அவனுக்கு இன்னொரு வருஷம் வரும். இத்தன நாளா இவ வாங்கின பேச்சுல பாதி எம் பேச்சு. அந்தப் பாவத்தோட அவன ஏத்திவிட நான் தயாரா இல்லீங்க."

சின்னவள் விக்கித்துப் போனாள். பெரியவள் அவள் பக்கம் பார்க்காமல், விசிறியைத் தூர வைத்துவிட்டு, என்ன செய்யணும் சொல்லுங்க என்று கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு நடந்ததை வேகம் என்று சொன்னால் போதாது. மைதான டாக்டர் வந்து காலைப் பார்த்தார். விளிம்பு அழுத்தியதுதான் காரணம், அழுத்தம் போனால் கால் சரி, ஆனால் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் அந்தச் சுற்றிலேயே வண்டியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சுண்டுவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தார். முதலாளி, டாக்டர் சரியென்றால் எனக்கும் சரி என்று ஒதுங்கிக்கொண்டார். மெக்கானிக் பெடல்களை முன்னால் தள்ளினான். பழைய சீட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். சுண்டு புதுப் பைக்குமேல் உட்கார, கோச் திரவத்தைக் கலக்க, பெரியவள் பையின் ஒரு நுனியையும் சின்னவள் மறுநுனியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஓரகத்திகள் இருவரும் ஒரே பக்கமாக இழுத்தது அந்தக் குடும்பச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

நுரை சூடாகப் பொங்கியது. அசையாதே, மூச்சைக்கூட அளந்து விடு என்று கோச் அதட்டினார். "மூக்கு அரிக்குதுப்பா" என்றாள் சுண்டு. அழுதுகொண்டிருந்த சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளே மகளின் மூக்கைச் சொறிந்துவிட்டாள். வெளியே மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. சீட் இறுகியதும் விளிம்பை அறுத்துத் தேய்த்து, பட்டைகளை இழுத்து மாட்டி, எல்லோருமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாதைக்குப் போகிற வாயிலை மூடுகிற தறுவாயில் கார் பாதைக்குள் நுழைந்தது.

மெக்கானிக் போர்டைக் கொண்டுவந்து சின்னவள் கையில் கொடுத்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

கிளம்பச் சொல்லும் அடையாளமாகச் சிவப்பு விளக்குகள் அணைந்தன. அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது சுவரே அதிர்ந்தது. சுண்டு ஐந்தாவதாகக் கிளம்பி, இரண்டாம் சுற்றிலேயே நான்காவதானாள். சின்னவள் தகடுகளைச் செருகினாள், நீட்டினாள், உருவினாள், மறுபடி செருகினாள். பாதிப் பந்தயம் தாண்டியதும் அவள் சுவருக்குமேல் எக்கிப் பார்த்தாள். கால் மரத்துப்போகிற நேரம் இதுதானே! கார் வந்தது. சுண்டு கையை உயர்த்தி, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் பறந்தாள். பெரியவள் தன்னை மறந்து சின்னவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சில சுற்றுகள் கழித்து ஒரு கார் புல்லில் இறங்கிச் சுழல, சுண்டு மூன்றாவதாக வந்தாள்.

மூன்றாவது! அதுதான் வேண்டியது, அது கைக்குள் இருக்கிறது. பின்னால் வருகிறவன் வெகுதூரத்தில். முன்னால் இரண்டாவதாகப் போகிறவனோ அரை செகண்ட் தூரத்தில்தான். இரண்டே சுற்று பாக்கி. கோச் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், வியர்த்து வழிந்தார்.

"மேல் வரியில அரைன்னு போடாத" என்றார் அவசரமாக. "பாத்தாள்னா பாஞ்சிருவா. மூணு செகண்ட்னு போடு. முன்னால இருக்கவன் எட்டாத தூரத்துல இருக்கான்னு நெனச்சுப் பேசாம வந்துருவா. வந்தது போதும்... புதுச் சீட்டு, என்ன ஆகுமோ தெரியாது. எம் பொண்ணு முழுசா வந்தாப் போதும். மூணுன்னு போடுன்னா!"

சின்னவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பயந்துபோன ஒரு தகப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர்மேல் அவளுக்கு அத்தனை நாள் இருந்த கோபமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் கரைந்துபோயிற்று. ஆனால் கை தகட்டுப் பெட்டியில் சரியான எண்ணைத்தான் தேடியது.

"பொய் நம்பர் நான் ஒரு நாளும் போட்டதில்லீங்க. இன்னிக்கும் போடமாட்டேன்."

அரை செகண்ட். போர்டைச் சுவருக்குமேல் தூக்கி நீட்டினாள். கார் கடந்தது. ஹெல்மெட் ஒரு சிறு அசைவு அசைந்தது. பார்த்துவிட்டாள்.

கடைசிச் சுற்று. கொண்டை ஊசி வளைவு சுவரிலிருந்து தெரியும். இரண்டு கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அதை நோக்கி வந்தன. முன்னால் போனவன் பிரேக் பிடித்தான். சுண்டு பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. கோச் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவள் மூடவில்லை. அந்த இடது கால் ஓங்கி மிதித்த மிதியில் கார் மூக்கைத் தாழ்த்தி, உள்பக்கமாக நுழைந்து, முன்னவனை வெளியே தள்ளிவிட்டு வளைவைவிட்டு முதலில் வெளியே வந்தது.

"இரண்டாவது! கண்ணத் தொறடா, இரண்டாவது!" என்று தம்பியின் முதுகில் அறைந்தார் முதலாளி. ஜெயித்த காருக்கு ஒரு கார் தூரம்கூடப் பின்தங்காமல் சுண்டு கோட்டைத் தாண்டினாள். அடுத்த வருஷம் என்ன, அதற்கடுத்த வருஷமும் கார் அவளுக்குத்தான் என்று முதலாளி யாரும் கேட்காமலே கத்திக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய சுண்டு, இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் முதல் ஆளையும் பிடித்திருப்பேன் என்று சண்டைக்கு வந்தாள். பிறகுதான் தாயைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டு, மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்கம்மா என்று அவள் தோளை நனைத்தாள். சின்னவள் மகளின் வியர்வைத் தலையைத் தடவிக்கொடுத்தாள். இப்போது மகளைக் கட்டிக்கொள்ள அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

கோச் கொஞ்சம் தள்ளி நின்றார். மெக்கானிக் இருந்தான், அண்ணன் இருந்தார், பக்கத்துக் கொட்டகை ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கிட்டே வந்து மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அத்தன பேர் முன்னாடி உன்ன நிக்கவெச்சுக் கேட்டேனே... ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

"ஏன் அப்படிப் போட்டேன்னு கேட்டீங்க. அப்படிப் போட்டியான்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

கோச் அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவள் அவரை அழவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானும் சேர்ந்து அழுதாள்.